மீளலும் சான்றும்: வன்னி நாவல்களில் ஊர் திரும்புதல்

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்த வன்னிக் கிராம மக்கள் ஊர் திரும்பும் சூழலில், வன்னியைக் களமாகக் கொண்ட தமிழ் நாவல்களை எவ்வாறு வாசிக்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஈழத்தமிழ் எழுத்துகளைப் 'போர் இலக்கியம்', 'புலம்பெயர் இலக்கியம்' எனப் பகுத்துக் கற்பிக்கும் வழக்கம், ஊரைவிட்டு வெளியேறுதலை மையமாகக் கொண்டது. திரும்புதலுக்கு அப்பகுப்பில் இடமில்லை. அது இழப்பின் பின்னுரையாகவே கொள்ளப்படுகிறது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973), தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013), சயந்தனின் 'ஆதிரை' (2015), தீபச்செல்வனின் 'நடுகல்' (2018) ஆகிய நான்கு நாவல்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றைப் புலம்பலாக மட்டும் வாசிக்காமல், நிலத்தை அடையாளம் காட்டும் சான்றுகளாகவும் வாசிக்க இயலும் என்பது கட்டுரையின் கருதுகோள். அவ்வாசிப்பின் எல்லைகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மீள்குடியேற்றம், வன்னி நாவல், இடம்பெயர்வு, காணி, சான்று, குறவஞ்சி, மறுவாழ்வு முகாம்.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர்க்கான முகாம்கள் மூன்று உள்ளன. அவை லேனாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை என்னும் இடங்களில் அமைந்துள்ளன. தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் இத்தகைய முகாம்களுக்கு வழங்கிய 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டது. பெயர் மாறினாலும் அங்கு வாழ்வோரை நோக்கி எழுப்பப்படும் வினா மாறவில்லை. 'போர்தான் முடிந்துவிட்டதே, எப்போது திரும்பப் போகிறீர்கள்?' என்பதே அவ்வினா.

இவ்வினாவில் உள்ள 'திரும்புதல்' என்னும் சொல் இம்மாவட்டத்தில் எளிய பொருள் உடையதன்று. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் வட்டாரங்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் இலங்கைத் தோட்டங்களுக்கு உழைப்பாளர்களை அனுப்பியவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அத்தொழிலாளர் வழிவந்தோரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிசெய்தது. அவ்வாறு வந்தோரை அரசு ஆவணங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்றன. அவர்களில் பலர் இலங்கையில் பிறந்து, தமிழ்நாட்டை முதன்முறையாகக் கண்டவர்கள். 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் வந்த ஏதிலியர் மீண்டும் இலங்கைக்குச் செல்வதும் 'தாயகம் திரும்புதல்' என்றே சுட்டப்படுகிறது. ஒரே சொல் பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் தாயகம் என்கிறது. இம்முகாம்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கோ தாங்கள் 'திரும்ப' வேண்டிய ஊர் பெற்றோரின் பேச்சில் மட்டுமே உள்ளது.

சொல்லே இவ்வாறு நிலையற்றதாக இருக்கும்போது, திரும்புதலைப் பேசும் இலக்கியத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பது திறனாய்வின் சிக்கலாகிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ஈழத்தமிழ் எழுத்து பெரும்பாலும் 'புலம்பெயர் இலக்கியம்' என்ற தலைப்பின்கீழ் இடம்பெறுகிறது. 'ஆறாம் திணை' என்னும் கருத்தாக்கமும் நாடு கடந்து வாழ்வோரின் நினைவுலகை விளக்கவே பெரிதும் பயன்பட்டுள்ளது. நாட்டை விட்டு நீங்காமல், நாட்டிற்குள்ளேயே பலமுறை இடம்பெயர்ந்து, பின்னர் தம் காணியைத் தேடிச் சென்ற உழவர், மீனவர் ஆகியோரின் அனுபவம் இவ்விரு பெயர்களுக்குள்ளும் அடங்கவில்லை.

1. தமிழ் மரபில் மீளல்

போர் முடிந்து வீடு திரும்புதல் தமிழ்க் கவிதைக்குப் புதிய பொருள் அன்று. முல்லைத்திணையில் வினைமுற்றிய தலைவன் கார்காலத்தில் தேரேறி மீள்கிறான். அவன் வருகைக்காகத் தலைவி ஆற்றியிருக்கிறாள். இம்மீளலில் மாற்றம் அடைவது காலமும் மனநிலையுமே. வீடு நின்ற இடத்தில் நிற்கிறது; கொல்லையில் முல்லை பூக்கிறது; வழி தவறுவதில்லை. திரும்பி வருபவன் போருக்குச் சென்றவன். போர் அவனுடைய ஊருக்கு வரவில்லை.

போர் வந்த ஊரின் நிலையைப் புறத்திணை பேசுகிறது. பகைவர் நாட்டை எரியூட்டுதல் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்று. எரிந்த நாட்டின் அழிவு புலவரின் இரக்கத்திற்கும், அழித்த மன்னனின் புகழுக்கும் ஒருங்கே பொருளாகிறது. ஆயின் எரிந்த வயலுக்குத் திரும்பி வரும் உழவனுக்கெனத் தொல்காப்பியம் தனித்துறை வகுக்கவில்லை. பட்டினப்பாலையில் காட்டை நாடாக்குவதும், குளங்களை உண்டாக்கி வளம் சேர்ப்பதும் கரிகாலனின் செயல்களாகப் போற்றப்படுகின்றன. அங்கு நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுபவன் மன்னன், குடிகள் அமர்த்தப்படுவோர்.

இம்மரபு இன்றைய வாசிப்பிலும் தொடர்வதைக் காணலாம். போரின் அழிவு கையறுநிலையாகவும், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அரசின் கொடையாகவும் வாசிக்கப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையில், பற்றைக்காட்டை வெட்டித் தன் கிணற்றைத் தேடும் மனிதரின் செயல் பெயரின்றி நிற்கிறது. இச்செயலுக்குப் பெயரிடாத வரையில், அதனை எழுதிய படைப்புகளையும் அவற்றிற்குரிய பொருளில் வாசிக்க இயலாது.

2. குறவஞ்சியின் மலையும் திரும்புவோரின் ஊரும்

இவ்விடத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திற்குரிய ஓர் இலக்கிய வடிவத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். விராலிமலை முருகன் கோயிலோடு இணைந்த குறவஞ்சி ஆடல் மரபு புகழ்பெற்றது. அங்குச் சதிராடிய மரபின் மூத்த கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குறவஞ்சி நாடகங்களின் பொது அமைப்பில், குறி சொல்ல வரும் குறத்தி முதலில் தன் மலைவளத்தையும் நாட்டுவளத்தையும் பாடுகிறாள். தான் நடந்துவந்த ஊர்களை அடுக்குகிறாள். தலைவி அவளிடம் ஊர் எது என்று கேட்கிறாள், அவள் பாடுகிறாள், பாடியதே போதுமானதாக ஏற்கப்படுகிறது. நாடோடியான அவளுக்கு வீடோ பட்டாவோ இல்லை. எனினும் 'எங்கள் மலை' என்று அவள் சொல்லும் உரிமையை அந்நாடகத்தில் எவரும் மறுப்பதில்லை. பெயர் சொல்லி வளம் பாடுதலே அங்கு நிலத்தோடுள்ள உறவை நிறுவுகிறது.

போருக்குப்பின் வன்னிக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறானது. தலைமுறை தலைமுறையாக ஒரே குளத்தின் கீழ் நெல் விதைத்த குடும்பத்தைச் சேர்ந்தவள் அவள். தன் ஊரின் பெயரையும் வயலின் பெயரையும் கிணற்றின் ஆழத்தையும் அவளால் சொல்ல முடியும். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அவளிடம் கேட்கப்படுவது உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஆகும். பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களில் இவை எரிந்திருக்கலாம், நீரில் நனைந்திருக்கலாம், கைவிட்டு ஓடிய பைகளுள் ஒன்றில் இருந்திருக்கலாம். வாய்மொழியின் செல்வாக்கு முடிந்து தாளின் செல்வாக்கு தொடங்கும் இந்த இடத்தில்தான் அச்சிட்ட நாவல் புதிய பொருள் பெறுகிறது. நாவல் காணி உறுதி ஆகாது. ஆனால் குறத்தியின் பாட்டைப் போல் இடத்தின் பெயரை உரைப்பதும், ஆவணத்தைப் போல் ஆண்டு குறிக்கப்பட்டு நூலகத்தில் நிலைப்பதும் அதற்கு இயலும்.

3. 'மீள்குடியேற்றம்' என்னும் சொல்

இடம்பெயர்ந்தோர் திரும்புதலைக் குறிக்க இலங்கையின் ஆட்சித்தமிழில் நிலைபெற்ற சொல் 'மீள்குடியேற்றம்'. 'குடியேற்றம்' என்னும் சொல்லுக்கு இலங்கைத் தமிழரசியலில் தனி வரலாறு உண்டு. கல்லோயா முதல் மணலாறு வரை அரசு உதவியுடன் வெளியிடத்தவரைக் கொண்டுவந்து அமர்த்திய திட்டங்களையே அது குறித்தது. அச்சொல்லுக்கு 'மீள்' என்னும் முன்னொட்டைச் சேர்த்துத் தன் ஊருக்குத் திரும்புபவரைக் குறிக்கும்போது, அவரும் எங்கிருந்தோ கொண்டுவந்து அமர்த்தப்படுபவர் ஆகிறார். செயலின் எழுவாய் மக்களிடமிருந்து நிருவாகத்திற்கு மாறுகிறது. மக்களோ 'ஊருக்குப் போதல்', 'சொந்த இடத்துக்குப் போதல்' என்றே பேசுகின்றனர். இரு வழக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நடப்பிலும் விளைவுகளை உண்டாக்கியது.

இறுதிப்போரின் பின்னர் வவுனியாவின் மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்ட மக்களில் கடைசிக் குழுவினர் 2012 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டு, முகாம் மூடப்பட்டது. மீள்குடியேற்றம் நிறைவுற்றதற்கு அது அடையாளமாகக் காட்டப்பட்டது. ஆனால் அக்கடைசிக் குழுவினரான கேப்பாப்புலவு மக்கள் தம் ஊரில் இறக்கப்படவில்லை. ஊர் இராணுவத்தின் வசம் இருந்தமையால் சீனியாமோட்டைப் பகுதியில் விடப்பட்டனர். எண்ணிக்கையில் அவர்கள் மீள்குடியேறியவர்கள். ஊரைப் பொறுத்தவரை இடம்பெயர்ந்தவர்கள். பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி இறுதியில் படைமுகாம் வாயிலில் அமர்ந்து போராடத் தொடங்கிய பின்னரே, மார்ச் 1ஆம் நாள் தம் காணிகளுக்குள் நுழைந்தனர். 1992இல் வெளியேறிய இரணைதீவு மீனவ மக்கள், ஓராண்டுக்கால அறப்போராட்டத்திற்குப் பின் 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே படகுகளில் ஏறித் தீவை அடைந்தனர். இவ்விரு நிகழ்வுகளிலும் திரும்புதலின் எழுவாய் மக்களே.

தமிழ்நாட்டு முகாம்களிலும் இச்சிக்கல் உண்டு. 1992 முதல் 1995 வரை சுமார் 54,000 ஏதிலியர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் விரும்பித்தான் செல்கின்றனரா என்னும் ஐயம் எழுந்ததால், 1992இல் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து விருப்பத்தைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அவ்வாறு சென்றோர் இறங்கிய நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பல இலட்சம் மக்கள் ஒரே இரவில் வெளியேறினர். உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய ஐ.நா. வழிகாட்டு நெறிகள் (1998) தம் 28, 29ஆம் நெறிகளில் திரும்புதல் விருப்பத்துடனும் பாதுகாப்புடனும் கண்ணியத்துடனும் அமைய வேண்டும் என்றும், விட்டுச்சென்ற உடைமை மீட்கப்பட வேண்டும் என்றும் வகுத்துள்ளன. திரும்புதல் ஒரு நாளில் முடியும் பயணம் அன்று என்பது இதனால் விளங்கும்.

4. நிலக்கிளி: ஊர் இருந்தமைக்கு ஒரு சான்று

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973ஆம் ஆண்டில் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பு அதன் களம். குளத்தையும் காட்டையும் நம்பி வாழும் சில குடும்பங்கள் கொண்ட சிற்றூர் அது. கதிராமன், பதஞ்சலி ஆகியோரின் வாழ்வும், வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் வருகையும் கதையின் இழைகள். நிலத்தோடு ஒட்டித் தாழப் பறக்கும் பறவை பதஞ்சலியின் வெகுளித்தன்மைக்குக் குறியீடாகிறது. வெளியான காலம் தொட்டு இந்நாவல் மண்வாசனை நாவலாக, வன்னியின் இயற்கையையும் பேச்சையும் பதிந்த வட்டார இலக்கியமாகப் பாராட்டப்பட்டுள்ளது. அம்மதிப்பீடு பிழையன்று. எனினும் அது 1973இன் வாசகருக்குரிய மதிப்பீடு.

1984 இறுதியில் மணலாற்றை ஒட்டிய தமிழ்க் கிராமங்கள் வன்முறையாலும் வெளியேற்ற ஆணைகளாலும் வெறுமையாயின. தண்ணிமுறிப்பும் அவற்றுள் ஒன்று. போர் முடிந்து திரும்ப முயன்ற மக்கள், தம் நிலங்கள் காடாகவும் தொல்லியற் பகுதியாகவும் எல்லையிடப்பட்டிருப்பதைக் கண்டனர். அயலிலுள்ள குருந்தூர்மலை பற்றிய பிணக்கு முல்லைத்தீவு நீதிமன்றம் வரை சென்று நாடறிந்த வழக்காயிற்று. கால்நூற்றாண்டு கைவிடப்பட்ட வயலில் மரம் வளரும். வளர்ந்த மரம் வான்வழிப் படத்தில் காடாகவே தெரியும். போர் ஆளை அகற்றியது. ஆளற்ற காலம் நிலத்தின் வகையையே மாற்றியது.

இச்சூழலில் 'நிலக்கிளி'யைப் படிக்கும் வாசகர் முன் நாவலின் முதன்மை இடம் மாறுகிறது. காதலும் குடும்பப் பகையும் பின்னே செல்ல, காடு வெட்டிக் கழனியாக்குதல், குளத்தின் நீர் வயலுக்குப் பாய்தல், பள்ளிக்கு ஆசிரியர் வருதல் ஆகியவை முன்னே வருகின்றன. கதைக்குப் பின்புலமாக நாவலாசிரியர் வைத்தவை இன்று முன்புலமாகின்றன. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகள் இருந்த இடத்தில் குடும்பங்கள் இருந்தன. இதனை மெய்ப்பிக்கும் நோக்கம் நாவலாசிரியருக்கு இருந்ததில்லை. நோக்கமின்றிப் பதிந்தமையே அதன் சான்றுத்தன்மைக்கு வலிமை சேர்க்கிறது. ஆசிரியர் பின்னாளில் டென்மார்க்கில் வாழ நேர்ந்ததும், கதையின் ஊரும் கதை எழுதியவரும் ஒரே வரலாற்றால் இடம்பெயர்க்கப்பட்டனர் என்பதைக் காட்டும்.

5. போருக்குப் பிந்தைய நாவல்கள்

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', முதிய பெண்ணொருவரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் ஊரூராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்று முகாமை அடைவதைக் கூறுகிறது. கலை நேர்த்தி குறைந்த நாட்குறிப்பு என்றும், ஒரே நிகழ்வு மீண்டும் மீண்டும் வருகிறது என்றும் இத்தகைய எழுத்தின்மீது குறை சொல்வது எளிது. பொருளைக் கட்டுதல், தறப்பாள் விரித்தல், பதுங்குகுழி வெட்டுதல், அடுப்பு மூட்டுதல், மீண்டும் கட்டுதல் என்பதே அதன் இயக்கம். ஆனால் இந்த அடுக்கை ஊர்ப்பெயர் வரிசையாக வாசித்தால் அதன் தேவை புலப்படும். குறத்தி தான் நடந்த ஊர்களை அடுக்குவது போல், இந்நாவலும் விட்டுவந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. எங்கு எது விடப்பட்டது என்பதன் கணக்கு அது. திரும்பிச் செல்பவர் அந்த வரிசையைப் பின்னிருந்து நடக்க வேண்டும். திரும்புதலைக் கதையாகச் சொல்லாமலேயே அதற்கு வேண்டிய வழித்தடத்தை நாவல் குறித்துவைக்கிறது.

சயந்தனின் 'ஆதிரை' இன்னும் கடினமான வினாவை முன்வைக்கிறது. மலையகத்திலிருந்து வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பத்தை அது தன் கதையின் மையங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. 1977 வன்முறையின் பின்னர் இவ்வாறு வந்த மலையகத் தமிழர் வன்னியின் எல்லையூர்களில் காடு திருத்திக் குடியமர்ந்தனர். போர் அவர்களை அங்கிருந்தும் பெயர்த்தது. அவர்களுக்குத் 'திரும்புதல்' என்பது எந்த ஊருக்கு? வன்னிக் காணிக்கா, மலையகத் தோட்டத்திற்கா, மூதாதையர் புறப்பட்ட தமிழ்நாட்டு ஊருக்கா? தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் மலையக வழியினரும் கணிசமாக உள்ளனர். அவர்களில் சிலரின் பாட்டனார் புறப்பட்ட ஊர், இன்று முகாம் இருக்கும் மாவட்டத்திலேயே இருக்கக்கூடும். சொந்த ஊர் ஒன்றே என்று கொள்ளும் வாசிப்பு இந்நாவலின் முன் தடுமாறுகிறது.

தீபச்செல்வனின் 'நடுகல்', போரில் இறந்த அண்ணனின் நினைவைத் தேடும் தம்பியின் கதை. 2009இன் பின்னர் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கிளிநொச்சி கனகபுரம் உள்ளிட்ட இடங்களில் 2016 நவம்பரில்தான் மக்கள் மீண்டும் கூடிச் சிதைந்த கற்களிடையே விளக்கேற்றினர். திரும்பி வந்தவருக்கு வீட்டின் அத்திவாரத்தைப் போலவே புதைத்த இடமும் ஊரின் அடையாளம். கல் அகற்றப்பட்டபோது, இறந்தவரோடு சேர்ந்து இருப்பவரின் இட உறவும் அழிக்கப்பட்டது. சங்க மரபில் நடுகல் வழிபாட்டுக்கும் புகழுக்கும் உரியது. இந்நாவலின் தலைப்பு அம்மரபை நினைவூட்டினாலும், கல்லே இல்லாத இடத்தில் எழுத்தைக் கல்லாக நிறுத்துகிறது.

பாலத்தீன எழுத்தாளர் கசான் கனஃபானி 1969இல் எழுதிய, ஹைஃபா நகருக்குத் திரும்புதல் பற்றிய குறுநாவல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இருபது ஆண்டுகளின் பின் ஹைஃபாவுக்கு வரும் இணையர், தம் வீடு அப்படியே நிற்பதையும், அதில் வேறொரு பெண் வாழ்வதையும், தாம் விட்டுச்சென்ற மகன் அவளால் வேறு பெயரில் வளர்க்கப்பட்டிருப்பதையும் காண்கின்றனர். அங்கு வீடு நிற்கிறது, உறவே கைமாறியுள்ளது. வன்னியில் உறவு நிற்கிறது; வீடும் வேலியும் மரமும் இல்லை. எனவே கனஃபானியின் கதை உரையாடலாக அமைய, வன்னி நாவல்கள் பெயரடுக்காகவும் பொருளடுக்காகவும் அமைகின்றன. வடிவ வேறுபாட்டின் காரணம் இழப்பின் வகை வேறுபாட்டிலேயே உள்ளது.

6. சான்றாக வாசித்தலின் எல்லைகள்

புனைவைச் சான்றாகக் கொள்வதில் இடர்கள் உண்டு. முதலாவது, நாவல் காட்டும் ஊர் எழுத்தாளரின் தேர்வுக்கு உட்பட்ட ஊர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளவுகளின் எல்லை கதியால் வேலியால் அமைவது வழக்கம். பூவரசும் கிளுவையும் நட்ட கதியால்கள் கவனிப்பாரற்றுப் பல ஆண்டு நின்றால் தழைத்துப் பெருமரங்களாகும். எல்லைக்கோடு தடிப்பேறி இருபுறமும் நகரும். திரும்பிய பின் அயலவர்க்கிடையே எழும் பிணக்குகளுள் வேலிப் பிணக்கும் ஒன்று. நினைவும் இத்தகைய வேலியே. அது இடத்தைக் காட்டும், அங்குலத்தைக் காட்டாது. சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்தது. பத்தாண்டு ஆட்சியால் பிறர் காணிக்கு உரிமை கோரும் விதி போரால் வெளியேறியோரைப் பாதிக்காதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்திற்கு விலக்களித்தது. காலத்தை நிறுத்திவைக்கச் சட்டத்தால் இயன்றது. மரம் வளர்வதை எச்சட்டமும் நிறுத்தவில்லை.

இரண்டாவது, திரும்பும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. வன்னியின் குடியேற்றக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வழி வழங்கப்பட்டவை. வழியுரிமையாளர் குறிக்கப்படாதபோது ஆண்மக்களுக்கே முன்னுரிமை தந்த அதன் ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. கணவர் இறந்த, அல்லது காணாமலாக்கப்பட்ட பெண்கள் தம் கையால் திருத்திய நிலத்தின் முன் உரிமையற்றவராக நின்ற ஆண்டுகள் அவை. 'ஊழிக்காலம்' ஒரு பெண்ணின் கண் வழியாகச் சொல்லப்படுவது இதனால் கூடுதல் பொருள் பெறுகிறது. நிலம் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினருக்கோ வலிகாமத்து நலன்புரி முகாம்களிலிருந்து திரும்பிச் செல்லச் சொந்தக் காணியே இருக்கவில்லை. 'சொந்த மண்' என்னும் தொடரை உணர்ச்சிப் பொருளில் மட்டும் ஆளும் திறனாய்வு, மண் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று கேட்பதைத் தவிர்த்துவிடுகிறது.

மூன்றாவது, 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப்புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் திரும்புதல். புத்தளத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்து 2009இன் பின் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்திற்கும் முல்லைத்தீவுக்கும் திரும்ப முனைந்தபோது, அவர்களும் காடாகிய காணியையும் ஆவணக் கேள்விகளையும் அயலவரின் ஐயத்தையும் எதிர்கொண்டனர். தமிழ் நாவல்களைத் தமிழரின் நிலச்சான்றாக மட்டும் வாசித்தால், அவ்வூர்களில் அருகருகே வாழ்ந்த இன்னொரு சமூகத்தின் ஊர்ப்பெயர்கள் அவ்வாசிப்பிலிருந்து அகற்றப்படும். சான்று என்னும் அளவுகோல் நேர்மையுடையதாக இருக்க வேண்டுமானால், அது ஒரு தரப்பின் வழக்குரையாகச் சுருங்கக் கூடாது. நாவலில் யார் இல்லை என்பதையும் அது பதிவுசெய்ய வேண்டும்.

7. முகாமிலிருந்து வாசித்தல்

தமிழ்நாட்டு முகாம் வாழ்வை உள்ளிருந்து எழுதியவர்களுள் தொ. பத்தினாதன் குறிப்பிடத்தக்கவர். 'போரின் மறுபக்கம்' (2007) என்னும் தன்வரலாற்று நூல், ஏதிலியரைத் திரும்பும் நாளை எண்ணிக் காத்திருப்போராக மட்டும் காணும் பார்வையை மறுக்கிறது. வரிசை, பதிவு, அனுமதி, கூலி வேலை ஆகியவற்றால் ஆன அன்றாடமே அங்கு வாழ்க்கை. வன்னி நாவல்களோடு இந்நூலை இணைத்து வாசிக்கும்போது, காணி ஆவணத்திற்காகச் செயலகத்தில் நிற்பவரும் முகாமில் வருகைப் பதிவுக்காக நிற்பவரும் ஒரே நிலையினர் என்பது தெளிவாகும். இருவரும் தாம் யார் என்பதைத் தாளின் வழியாக ஓயாமல் மெய்ப்பித்துக்கொண்டிருக்கின்றனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறாமையால், இங்கேயே தங்க விரும்புவோருக்கும் அச்சட்டம் வழி தரவில்லை. திரும்பவும் இயலாது, தங்கவும் உரிமையில்லை என்னும் இந்நிலைக்குப் 'புலம்பெயர்வு' என்னும் சொல் பொருந்தாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முல்லையின் மீளலும் வஞ்சியின் அழிவும் தமிழ்க் கவிதையியலில் இடம்பெற்றுள்ளன. அழிந்த நிலத்திற்குக் குடிகள் மீள்வதற்குரிய கருத்தாக்கம் புதிதாக உருவாக்கப்பட வேண்டும். 'மீள்குடியேற்றம்' என்னும் ஆட்சிச்சொல் அதற்கு ஏற்றதன்று. அது மக்களைச் செயப்படுபொருளாக்குகிறது.

போருக்கு முந்தைய வன்னி நாவல்களை வட்டார இலக்கியம் என்றும், பிந்தையவற்றைப் போர் இலக்கியம் என்றும் பிரித்துக் கற்பிப்பதால், இரண்டிற்கும் பொதுவான ஊரே மறைந்துபோகிறது. 'நிலக்கிளி'யையும் 'ஆதிரை'யையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவர் காடு திருத்தப்பட்டதையும், அது மீண்டும் காடானதையும், மீண்டும் திருத்தப்பட வேண்டியிருப்பதையும் ஒரே வரலாறாகக் காண்பர்.

'கலை நேர்த்தி' என்னும் அளவுகோலால் குறைத்து மதிப்பிடப்படும் பெயரடுக்கும் மீள்கூறலும் இந்நாவல்களில் செயற்பாடு உடையவை. ஆவணம் அழிந்த சமூகத்திற்கு அவை நினைவின் பதிவேடு. அதே வேளையில் பெண், நிலமற்றோர், மலையகத்தார், முஸ்லிம்கள் ஆகியோரின் இடம் அப்பதிவேட்டில் எங்குள்ளது என்று கேட்பது திறனாய்வின் கடமை.

செய்யத்தக்க பணிகளும் உள. வன்னி நாவல்களில் வரும் ஊர், குளம், வயல், வாய்க்கால் பெயர்களைத் தொகுத்து, நூல் வெளியான ஆண்டோடு அடைவாக்குவது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளால் இயலக்கூடியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்பணியைத் தொடங்குவோர்க்கு, அப்பெயர்களைச் சரிபார்க்க வல்லவர்கள் லேனாவிளக்கிலும் அழியாநிலையிலும் தோப்புக்கொல்லையிலும் வாழ்கின்றனர். அவர்களுள் தம் ஊரை நேரில் கண்ட தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. விராலிமலைக் குறவஞ்சியின் குறத்தியிடம் கேட்டது போல், உங்கள் ஊர் எது, அதன் வளம் என்ன என்று அவர்களிடம் கேட்பதற்குரிய காலம் நீண்டதன்று.